டீப் டிஷ்யூ மசாஜுக்கு முதல் தடவை போகிறேன், எவ்வளவு நோக வேண்டும்?

வெள்ளவத்தை_கணக்கர் | திங்கள், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். வலப்பக்கத் தோள்பட்டைக்கும் முள்ளந்தண்டுக்கும் நடுவில் ஓர் இடம், பெப்ரவரியில் நோகத் தொடங்கியது. மார்ச் 31 கணக்கு முடிக்கும் காலம் முழுக்க இரவு எட்டு, ஒன்பது மணி வரைக்கும் மடிக்கணினிக்கு முன்னால் இருந்ததில் கூடிக்கொண்டே போய், இப்போது பிடரி வரைக்கும் இழுக்கிறது. காலையில் 100 பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால், கொள்ளுப்பிட்டி வருவதற்குள் கை பாரமாகிவிடும்.

சித்தாலேப பூசினேன், சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்தேன், பனடோலும் போட்டேன். டொக்டரிடம் காட்டி எக்ஸ்ரேயும் எடுத்தாயிற்று. எலும்பில் ஒன்றும் இல்லை, தசைப் பிடிப்புத்தான், இருக்கிற விதத்தை மாற்றுங்கள் என்றார். ஒஃபிஸில் கூட வேலை செய்பவர் டீப் டிஷ்யூ மசாஜ், அதாவது தசையின் ஆழம் வரை அழுத்திச் செய்கிற மசாஜ், செய்து பார்க்கச் சொல்கிறார். அவர் சொன்ன விதத்தில்தான் பயம் வந்தது. "செய்யும்போது உயிர் போகும், ஆனால் அடுத்த நாள் புது ஆள்" என்றார்.

உள்ளே என்னதான் நடக்கும்? உடுப்பு எவ்வளவு கழற்ற வேண்டும்? நோவு எந்த அளவுக்குப் போகும்? அடுத்த நாள் எழும்பி நடமாட முடியுமா? சனிக்கிழமைக்குப் பதிவு செய்யலாம் என்று நினைத்திருக்கிறேன். போய் வந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

தெகிவளை_அக்கா | திங்கள், இரவு 10.05

தங்கச்சி, எனக்குத் தையல் வேலை. குனிந்தபடியே இருப்பதால் தோளும் நாரியும் எப்போதும் பிடித்துக்கொண்டிருக்கும். மூன்று வருடமாக இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போகிறேன். முதல் தடவை எனக்கு யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. அதனால் உங்களுக்கு விவரமாகவே எழுதுகிறேன்.

போனவுடன் ஒரு படிவம் தருவார்கள். என்ன வருத்தம், என்ன மருந்து, ஏதாவது ஒப்பரேஷன் நடந்ததா என்று கேட்டிருக்கும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டுவிடாதீர்கள். படிவமே தராமல் நேரே கட்டிலில் படுக்கச் சொல்கிற இடமென்றால் எனக்கு நம்பிக்கை வராது. பிறகு எங்கே நோகிறது என்று கேட்பார்கள். கையை வைத்துக் காட்டுங்கள். 60 நிமிடத்தில் உடம்பு முழுக்க ஆழமாகச் செய்ய முடியாது. "முழு உடம்பும் வேண்டும்" என்று கேட்டால் எல்லா இடத்தையும் மேலாகத் தடவிவிட்டுப் போவார்கள். தோளும் பிடரியும் மேல்முதுகும் மட்டும் போதும் என்று சொல்லுங்கள்.

உடுப்பு விஷயம்: அவர் வெளியே போன பிறகுதான் நீங்கள் மாற்றுவீர்கள். உங்களுக்குச் சங்கடமில்லாத அளவுக்குக் கழற்றினால் போதும். உள்ளாடையோடு படுத்து மேலே பெரிய துவாயால் மூடிக்கொள்ளலாம். எந்த இடத்தில் வேலை நடக்கிறதோ அந்த இடம் மட்டும்தான் திறந்திருக்கும், மற்றதெல்லாம் மூடியிருக்கும். கட்டிலில் முகம் வைக்க ஓட்டை இருக்கும், குப்புறப் படுத்தாலும் மூச்சுத் திணறாது.

முதல் பத்து நிமிடம் சாதாரண எண்ணெய் மசாஜ் மாதிரியே இருக்கும். உள்ளங்கையால் நீளமாகத் தடவித் தசையைச் சூடாக்குவார்கள். அதற்குப் பிறகு வேகம் குறையும். இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. ஆழமான மசாஜ் என்றால் வேகமாகக் குத்திப் பிசைவார்கள் என்று நினைத்திருந்தேன். நடந்தது வேறு: முன்கை, கைமுட்டி, சில நேரம் முழங்கை, இவற்றால் தசையின் நீளவாக்கில் மெல்ல மெல்ல நகர்வார்கள். நத்தை போவது போல. எண்ணெயும் கொஞ்சம்தான் பூசுவார்கள், வழுக்கினால் பிடி கிடைக்காது. இறுகின இடம் வந்ததும் அங்கேயே அழுத்தி நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் மூச்சை வெளியே விடுங்கள். கொஞ்ச நேரத்தில் கையின் கீழே அது இளகுவது உங்களுக்கே தெரியும்.

முடிந்தவுடன் துள்ளி எழும்ப வேண்டாம், தலை சுற்றும். பக்கவாட்டில் திரும்பிக் கொஞ்சம் இருந்துவிட்டு எழும்புங்கள். வீட்டுக்கு பஸ்ஸில் தொங்காமல் ஓட்டோவில் போங்கள்.

காலிமுகத்திடல்_ஓட்டம் | செவ்வாய், காலை 6.40

அக்கா எழுதியதெல்லாம் சரி. நோவு பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

நீண்ட தூரம் ஓடுகிறவன் நான். இரண்டு வருடத்துக்கு முன் 30 கிலோமீட்டர் ஓடிய அடுத்த நாளே தொடையும் கெண்டைக்காலும் சரியாகட்டும் என்று டீப் டிஷ்யூவுக்குப் போனேன். செய்தவர் பலசாலி. எனக்கு உயிர் போனது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. நோகிறது என்று சொன்னால் வெட்கம், தாங்கினால்தான் பலன் என்ற எண்ணம். பல்லைக் கடித்து, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கிடந்தேன். அடுத்த நாள் தொடையில் நீலம் பாய்ந்திருந்தது. நான்கு நாள் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினேன். பயிற்சி இரண்டு வாரம் தள்ளிப் போனது.

இப்போது நான் போகிறவர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார்: பத்துக்கு எத்தனை என்று கேட்டுக்கொண்டே இருப்பேன், ஆறு அல்லது ஏழைத் தாண்டினால் சொல்ல வேண்டும் என்று. ஆறு என்றால் நோகும், ஆனால் "ஆ, அதே இடம்தான்" என்கிற சுகமான நோவு. மூச்சு ஒழுங்காகப் போய்வரும். எட்டுக்குப் போனால் மூச்சை அடக்கிக்கொள்வீர்கள், கால்விரல் மடங்கும், தோள் காதை நோக்கி ஏறும். உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இறுகுகிறது. இளக வேண்டிய தசையை இறுக வைத்துக்கொண்டு அதன் மேலேயே அழுத்துவதில் என்ன பலன் இருக்க முடியும்?

கூரான, மின்சாரம் பாய்கிற மாதிரியான நோவு வந்தாலோ கை காலுக்கு ஓடினாலோ எண்ணெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அது நரம்பு.

கொட்டாஞ்சேனை_ஐயா | செவ்வாய், முற்பகல் 11.20

பிள்ளைகள் சொல்வதை வாசித்தேன். எனக்கு வயது 71. நான் வேறு விதமாகப் பார்க்கிறேன்.

எங்கள் ஊரில் முறிவு நெரிவு வைத்தியர் ஒருவர் இருந்தார். பனையால் விழுந்தவர், வண்டில் மாடு இடித்தவர், வலை இழுத்து நாரி பிடித்தவர் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். அவர் பிடிக்கும்போது பெரிய பெரிய ஆட்கள் குழறி அழுததை நான் சிறுவனாக நின்று பார்த்திருக்கிறேன். அழுதவர்கள் நடந்து வீட்டுக்குப் போனார்கள். சித்த வைத்தியத்தில் இதைத் தொக்கணம் என்பார்கள். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை. வெள்ளைக்காரன் பெயர் வைப்பதற்கு முன்பே நம்மிடம் இருந்த வித்தை.

நோகாமல் சுகம் வராது. தசையில் தேங்கிக் கிடக்கிற கெட்ட நீரும் கெட்ட இரத்தமும் அழுத்தினால்தான் வெளியேறும். பத்துக்கு ஆறு, ஏழு என்று கணக்குப் பார்த்தால் அது சும்மா தடவல். என் முதுகு பிடித்தால் இன்றைக்கும் பேரனை ஏறி மிதிக்கச் சொல்வேன். அவனுக்கு ஒன்பது வயது. மிதித்தால்தான் எனக்கு நித்திரை வரும்.

பிசியோ_பொரளை | செவ்வாய், இரவு 8.30

நான் பிசியோதெரபிஸ்ட். பகலில் வாசித்தேன், ஆறுதலாக எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

ஐயா, தொக்கணத்தின் ஒன்பதையும் வரிசையாகச் சொன்னீர்கள், மகிழ்ச்சி. இன்று கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவப் படிப்பில் இருக்கிறவர்களும் அதைப் படிக்கிறார்கள். அந்த ஒன்பதில் அழுத்தல் ஒன்றுதான் என்பதையும் கவனியுங்கள். அசைத்தலும் தட்டலும் இழுத்தலும் கூட இருக்கின்றன. எல்லா உடம்புக்கும் எல்லாம் என்று யாரும் சொல்லவில்லை. மூட்டு விலகினதை ஒரே இழுவையில் இருப்பில் போடும்போது ஆள் குழறுவது ஒரு கதை. மாதக்கணக்காகக் கதிரையில் இருந்து இறுகின தோள் வேறு கதை.

கெட்ட நீர் வெளியேறுவது என்பது எங்கள் ஆட்களிடம் மட்டும் இருக்கிற நம்பிக்கை இல்லை. ஸ்பா விளம்பரங்களிலும் "நச்சு நீக்கம்" என்று பெரிதாகப் போட்டிருக்கும். ஓடுகிறவர்கள் லக்டிக் அமிலம் என்பார்கள், தசை கடுமையாக உழைக்கும்போது உண்டாகிற லக்டேட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் லக்டேட் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும், யாரும் பிழிந்து எடுக்கத் தேவையில்லை. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 11 இளைஞர்களைக் கடுமையாகச் சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு காலுக்கு மட்டும் பத்து நிமிடம் மசாஜ் செய்து, இரண்டு தொடையிலிருந்தும் சிறு துண்டுத் தசை எடுத்துப் பார்த்தார்கள். லக்டேட்டில் வித்தியாசம் இல்லை. ஆனால் மசாஜ் செய்த காலில் அழற்சிக்கான சமிக்ஞைகள் குறைந்திருந்தன. சிறிய ஆய்வுதான். இருந்தாலும் கையால் தொடுவதில் ஏதோ நடக்கிறது, அது கழுவிக் கொட்டுவது இல்லை என்பதைக் காட்டுகிறது.

இன்னொன்று. "தசையுறை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைப் பிரித்துவிட்டேன்" என்று சில மசாஜ்காரர்கள் சொல்வார்கள். தொடையின் வெளிப்பக்கத்துத் தடித்த உறை, உள்ளங்காலின் உறை போன்றவற்றின் உருவத்தைக் கையால் மாற்ற வேண்டுமென்றால் மனிதக் கையால் கொடுக்க முடியாத விசை வேண்டும். அப்படியென்றால் இளகுவது எது? பெரும்பாலும் நரம்பு மண்டலம். மெதுவான, நிலையான, பயமுறுத்தாத அழுத்தம் வந்தால் மூளை அந்தத் தசைக்குக் கொடுக்கிற "இறுகு" என்ற கட்டளையைத் தளர்த்துகிறது, நோவை உணரும் வரம்பும் உயர்கிறது. ஓட்டக்காரத் தம்பி சொன்ன ஆறு, ஏழுக்குப் பின்னால் இருக்கிற காரணம் இதுதான். பயமுறுத்தினால் கட்டளை எதிர்ப்பக்கமாகப் போகும்.

கணக்கர் தங்கச்சி, தசையில் இறுகி நிற்கிற சிறு இடத்தை முடிச்சு என்று எல்லோரும் சொல்வார்கள், அதை ஜேனட் டிராவல் என்ற அமெரிக்க வைத்தியர், பிற்பாடு ஜனாதிபதி கென்னடியின் வைத்தியராக இருந்தவர், விரிவாக எழுதிவைத்தார். ஓர் இடத்தை அழுத்தினால் வேறோர் இடத்தில் நோகும் என்பதை அவர் வரைபடமாகவே போட்டார். தோளின் மேல்தசையை அழுத்தினால் சிலருக்கு நெற்றிப்பொட்டில் நோகும். அந்த முடிச்சு உண்மையில் என்ன என்பதில் இன்றும் விவாதம் இருக்கிறது. ஆனால் நோகிற இடமும் இறுகின இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்றில்லை என்பது தினமும் நாங்கள் பார்ப்பது. நல்லவர் உங்கள் நெஞ்சுத் தசையையும் கழுத்தின் பக்கத்தையும் பார்ப்பார், ஆச்சரியப்படாதீர்கள். கழுத்தின் முன்பக்கத்தில் மட்டும் யாரும் ஆழமாக அழுத்தக் கூடாது. அங்கே மூளைக்குப் போகிற பெரிய நாடி ஓடுகிறது.

உங்களிடம் ஒரு கேள்வி: கை பாரமாகிறது என்றீர்கள். விரல்கள் விறைக்கின்றனவா? பிடி தளர்ந்து சாமான் கைநழுவுகிறதா? அப்படியென்றால் மசாஜுக்கு முன் திரும்ப டொக்டரிடம் போக வேண்டும்.

ஐயா, உங்களிடமும் ஒரு கேள்வி. ஏதாவது குளிசை போடுகிறீர்களா?

வெள்ளவத்தை_கணக்கர் | செவ்வாய், இரவு 9.15

விறைப்பு இல்லை, பிடியும் பலமாகத்தான் இருக்கிறது. கம்பியை விட்டுக் கையைத் தொங்கப் போட்டால் பாரம் போய்விடும். எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒரு விஷயம் கேட்கக் கூச்சமாக இருந்தது, கேட்டுவிடுகிறேன். எப்படிப்பட்ட இடத்துக்குப் போவது? காலி வீதியில் பார்க்கிற பலகைகளில் எது எது என்று தெரியவில்லை. வீட்டில் சொன்னால் "மசாஜா?" என்று ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

தெகிவளை_அக்கா | செவ்வாய், இரவு 9.50

கூச்சப்பட வேண்டாம். கொழும்பில் இதைக் கேட்காமல் போகிற பெண் இல்லை. மசாஜ் நிலையங்களைப் பொலிஸ் சுற்றிவளைத்த செய்திகளை வாசித்துத்தானே வளர்ந்தோம். அதற்காக எல்லா இடமும் அப்படி என்றும் இல்லை.

நான் முதலில் தொலைபேசியில் எடுத்துக் கேட்பேன். பெண் செய்வாரா, அவர் எங்கே படித்தவர், தோள் பிடிப்புக்கு என்ன செய்வீர்கள், துவாயால் மூடித்தான் செய்வீர்களா. ஒழுங்கான இடத்தில் இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்வார்கள். "வாங்கோ, வந்து பாருங்கோ" என்று மழுப்பினால் நான் போக மாட்டேன். முதல் தடவை பகலில் போங்கள், யாருடனாவது போங்கள், அவர் வெளியே இருக்கட்டும். நடுவில் எது பிடிக்காவிட்டாலும் எழும்பி வரலாம். காசு போனால் போகட்டும்.

அப்புறம் மொழி. நன்றாகச் செய்கிற பெண்கள் பலர் சிங்களம் மட்டும் கதைப்பவர்கள். எனக்கு முதல் தடவை நோகிறது என்று சொல்ல வார்த்தை வராமல் கண்ணீர்தான் வந்தது. நான்கு சொல் பாடமாக்கிக்கொண்டு போங்கள். "ரிதெனவா" என்றால் நோகுது. "டிக்கக் ஹெமின்" என்றால் கொஞ்சம் மெல்ல. "மெதன" என்றால் இந்த இடம். "எத்தி" என்றால் போதும்.

பிசியோ_பொரளை | செவ்வாய், இரவு 10.30

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பலகையில் ஆயுர்வேதம் என்று போட்டிருந்தால் அது வேறு துறை. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வருவது. பொரளையில் ஆயுர்வேதப் போதனா வைத்தியசாலையே இருக்கிறது, அங்கே முறையாகப் பார்க்கிறார்கள். ஆனால் ஆயுர்வேதத்தின் அப்யங்கம் எண்ணெயை நிறையப் பூசி ஒரே சீராக நீவுவது, நோக்கமும் வேறு. அங்கே போய் டீப் டிஷ்யூ கேட்டால் இரண்டும் கெட்டானாக ஒன்று கிடைக்கும். டீப் டிஷ்யூ வேண்டுமென்றால் அதைப் படித்துச் செய்கிறவர் இருக்கிற இடத்துக்கோ பிசியோ கிளினிக்குக்கோ போங்கள்.

பாமன்கடை_வாசகன் | புதன், பிற்பகல் 1.15

ஒரு சந்தேகம். சுவரில் டென்னிஸ் பந்தை வைத்து முதுகால் அழுத்தினால் இதே வேலை நடக்காதா? ஒரு மணி நேரத்துக்குக் கொடுக்கிற காசு எனக்குப் பெரிய காசு. அதற்குப் பெறுமதி இருக்கிறதா என்று யாராவது நேர்மையாகச் சொல்லுங்கள்.

பிசியோ_பொரளை | புதன், இரவு 7.45

நல்ல கேள்வி. பந்து உதவும். முள்ளந்தண்டின் மேல் வைக்காமல், அதற்குப் பக்கத்தில் உள்ள தசையில் வைத்து, ஓர் இடத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்காமல் செய்யுங்கள். பலருக்கு அதுவே போதும்.

மசாஜ் எவ்வளவு தூரம் உதவும் என்பதில் மிகைப்படுத்த எனக்கு விருப்பமில்லை. அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டலில், புதிதாக வந்த நாரி நோவுக்கு மருந்துக்கு முன் செய்து பார்க்கக்கூடியவற்றில் சூட்டு ஒத்தடத்தோடு மசாஜையும் சேர்த்தார்கள். கிடைக்கிற ஆறுதல் பெரும்பாலும் குறுகிய காலத்துக்குத்தான், சான்றும் பலமானதில்லை. மடிக்கணினி மேசையில் தாழ்வாகவே இருந்தால், செலவழித்த காசு இரண்டு வாரத்தில் கரைந்துவிடும். நோவால் உடற்பயிற்சியே செய்ய முடியாமல் இருப்பவருக்கு மசாஜ் ஒரு கதவைத் திறந்துவிடும், அந்த நாட்களுக்குள் தோளை அசைத்துப் பலப்படுத்தத் தொடங்க வேண்டும். காசு நெருக்கடியென்றால் பந்தும் பயிற்சியும் முதலில், மசாஜ் பிறகு.

நாரி நோவோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போனால், தொடையிடுக்கு மரத்துப்போனால், காலில் பலம் குறைந்தால், மசாஜ், பந்து எதுவும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி நோகிறதென்றாலும் அப்படித்தான். அது இரத்தக் கட்டியாக இருக்கலாம், அழுத்தினால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். மிகக் கடுமையான மசாஜுக்குப் பிறகு சிறுநீர் தேயிலைச் சாயம் போல் கறுத்துப் போனால் அதையும் தள்ளிப்போடக் கூடாது. அரிதாக நடப்பது, ஆனால் தசை உடைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று அர்த்தம்.

ஐயாவின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

கொட்டாஞ்சேனை_ஐயா | வியாழன், காலை 5.50

பிசியோத் தம்பி, குளிசை கேட்டிருந்தீர்கள். ஆறு வருடத்துக்கு முன் இருதய வால்வு மாற்றினார்கள். வோர்ஃபரின் போடுகிறேன், மாதா மாதம் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பிரஷர் குளிசை ஒன்று. மற்றபடி சுகம்.

முதுகில் பேரன் மிதித்த இடத்தில் அடிக்கடி நீலம் பாயும். வயது போனால் தோல் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

பிசியோ_பொரளை | வியாழன், காலை 6.20

ஐயா, கோபிக்காமல் கேளுங்கள். பேரன் முதுகில் ஏறுவதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

வோர்ஃபரின் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிற மருந்து. உங்கள் வால்வுக்கு அது கட்டாயம் வேண்டும், அதைக் குறைக்கவோ விடவோ வேண்டாம். ஆனால் அது உடம்பில் இருக்கும்போது ஆழமாக அழுத்தினால் தசைக்குள் இரத்தம் கசியும், நிற்க நேரமாகும். நீலம் பாய்ந்தது வயதால் மட்டும் இல்லை. 71 வயதில் எலும்பின் அடர்த்தியும் குறைந்திருக்கலாம், ஒன்பது வயதுப் பிள்ளையின் பாரம் விலா எலும்புக்குப் போதும். அடுத்த முறை இரத்தம் பார்க்கப் போகும்போது டொக்டரிடம் முதுகைக் காட்டி, இப்படி மிதிக்க வைத்தேன் என்று மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கு முன் மலம் கறுத்துப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ, நாரியில் திடீரென்று கடும் நோவு வந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும்: இருதய நாடியில் ஸ்டென்ட் வைத்து குளோபிடோக்ரல், அஸ்பிரின் போடுகிறவர்களும் இதே வரிசைதான். நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்கு எவ்வளவு அழுத்துகிறார்கள் என்றே தெரியாது, அங்கே பத்துக்கு ஆறு என்ற கணக்கு உதவாது. கர்ப்பிணிகள், அண்மையில் ஒப்பரேஷன் செய்தவர்கள், புற்றுநோய்க்கு சிகிச்சை எடுப்பவர்கள் முதலில் தங்கள் டொக்டரிடம் கேட்க வேண்டும். காய்ச்சல் நாளில் யாருக்கும் வேண்டாம். டெங்குக் காலத்தில் உடம்பு உளைகிறது என்று மசாஜுக்குப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன். இரத்தம் உறைய உதவுகிற இரத்தச் சிறுதட்டு குறைகிற வருத்தம் அது, தயவுசெய்து போகாதீர்கள்.

வெள்ளவத்தை_கணக்கர் | ஞாயிறு, இரவு 8.00

ஐயா, எப்படி இருக்கிறீர்கள்? உங்களை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

நேற்றுப் போய் வந்தேன். அக்கா சொன்ன கேள்விகளைத் தொலைபேசியில் கேட்டேன். முதல் எடுத்த இடத்தில் படிவம் உண்டா என்று கேட்டதற்குச் சிரித்தார்கள், அதை விட்டுவிட்டேன். இரண்டாவது இடத்தில் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். ஒரு பெண்தான் செய்தார், நாற்பது வயது இருக்கும், சிங்களம் மட்டும். என் தங்கையை வெளியே இருத்திவிட்டுப் போனேன்.

என்னை நிற்க வைத்துத் தலையை இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லிப் பார்த்தார். வலப்பக்கம் பாதிதான் திரும்பியது. எனக்கே அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. பிறகு அக்கா எழுதியபடியே எல்லாம் நடந்தது. மெதுவாகத்தான் செய்தார். தோள்பட்டையின் உள்விளிம்பில் முழங்கையை வைத்து நிறுத்தியபோது கண்ணில் நீர் வந்தது. பயந்து மூச்சை அடக்கினேன், தோள் காதுக்கு ஏறியது. தம்பி எழுதியது ஞாபகம் வந்து "ரிதெனவா, டிக்கக் ஹெமின்" என்றேன். அவர் உடனே முழங்கையை எடுத்துவிட்டு உள்ளங்கையை வைத்தார். அதே இடம்தான், ஆனால் இப்போது மூச்சு விட முடிந்தது. ஐந்தாறு மூச்சில் அந்த இடம் வெண்ணெய் மாதிரி ஆனது. அவர் முகத்தில் ஒரு கோபமும் இல்லை. சொன்னது நல்லது என்பது போலத் தலையாட்டினார்.

மல்லாக்கப் படுக்கச் சொல்லி நெஞ்சின் மேல்பக்கம், தோளுக்குக் கீழே, விரலால் அழுத்தியதுதான் எனக்கு அதிசயம். அங்கே எனக்கு ஒரு நோவும் இருந்ததில்லை. அழுத்தியதும் முதுகில் அந்தப் பழைய இடத்திலேயே போய் நோகிறது! பிசியோ அண்ணா சொல்லியிருக்காவிட்டால் பயந்திருப்பேன்.

இன்று காலை எழும்பும்போது தோள் முழுக்க உளைவு, பொங்கலுக்கு வீடு முழுக்கக் கழுவிய அடுத்த நாள் மாதிரி. நீலம் ஒன்றும் இல்லை. சுடுதண்ணீரில் குளித்தேன், பின்னேரம் மரைன் டிரைவில் கொஞ்சம் நடந்தேன், இப்போது குறைந்திருக்கிறது. தலை வலப்பக்கம் முக்கால்வாசி திரும்புகிறது. காலி வீதியைக் கடக்கும்போது உடம்போடு திரும்பாமல் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தேன்.

மடிக்கணினியின் கீழே நான்கு தடித்த புத்தகங்களை அடுக்கி, தனி விசைப்பலகை ஒன்று வாங்கிவிட்டேன்.

காலிமுகத்திடல்_ஓட்டம் | ஞாயிறு, இரவு 8.40

வாசிக்க நிம்மதியாக இருக்கிறது அக்கா. உளைவு இரண்டு நாளுக்குள் போய்விட வேண்டும். மூன்றாவது நாளும் கூடினால் அழுத்தம் அதிகமாகிவிட்டது என்று அடுத்த முறை சொல்லுங்கள். ஒரு வாரம் பத்து நாள் இடைவெளி விட்டுப் போங்கள். நன்றாக இருக்கிறது என்று மறுநாளே திரும்ப மசாஜுக்கு ஓட வேண்டாம்.

கொட்டாஞ்சேனை_ஐயா | புதன், பிற்பகல் 4.10

கணக்கர் மகள், நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் தோள் இளகினது சந்தோசம்.

வெள்ளிக்கிழமையே மகள் என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இந்த இழையை அவளுக்குக் காட்டினேன், வாசித்துவிட்டுப் பேசாமல் ஓட்டோவைக் கூப்பிட்டாள். இரத்தம் பார்த்தார்கள், இருக்க வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் கூட மெலிந்திருந்தது. குளிசை அளவை மாற்றித் தந்திருக்கிறார்கள். முதுகு நீலத்தைப் பார்த்த டொக்டர் நீங்கள் சொன்னதையே சொன்னார். மிதிப்பதும் அழுத்துவதும் கூடாது, வெதுவெதுப்பான எண்ணெய் போட்டு மேலாக நீவலாம் என்றார்.

நோகாமல் சுகம் வராது என்று எழுதினேன். வைத்தியர் விலகின மூட்டைப் போட்டதையும் என் முதுகையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது என் பிழை. அவரும் என்னிடம் குளிசை கேட்டிருப்பார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். கை வைப்பதற்கு முன் நாடி பிடித்து நெடுநேரம் கதைத்துக்கொண்டிருப்பார். அழுகைதான் எனக்கு ஞாபகம் நின்றது, அந்தக் கதைப்பு மறந்துபோனது.

பேரனுக்கு முதுகில் ஏற முடியாதது பெரிய கவலை. இப்போது நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி உள்ளங்காலில் பூசிவிடுகிறான். "பத்துக்கு எத்தனை தாத்தா?" என்று கேட்டுக் கேட்டுப் பூசுகிறான். நேற்று இரண்டு என்றேன். நித்திரை நன்றாகவே வந்தது.